அந்த ரெண்டு சமையக்காரங்க எங்க சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு சிறுவர் பக்கத்துல பாரசீக ராஜாக்கள் கதை போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம். ஜம்ஷீத் 700 வருஷம் ஆண்டது, எல்லாம் என்னாலதான்னு கர்வம் வந்ததும் மூஞ்சில இருந்த ராஜகளை போனது, ஸஹாக் 1000 வருஷத்துக்கு ஒரு நாள் குறைச்சலா கொடுமை பண்ணது, கொல்லன் காவே தன்னோட தோல் துண்டை ஈட்டில கட்டிக் கொடியாத் தூக்குனது, ஃபரீதூன் ஸஹாக்கை தமாவந்த் மலைல கட்டிப் போட்டது எல்லாம் வந்துடுச்சு. ஆனா ஸஹாக் அரண்மனைல சமையக்காரங்களா இருந்து உசுரு காப்பாத்தின அர்மாயிலும் கர்மாயிலும் எங்க சார், ஒரு வரி கூட இல்லையே?

நான் குன்னூர்ல ஒரு லாட்ஜ்ல 22 வருஷமா சமையல் மாஸ்டரா இருக்கேன். என் பொண்ணு இந்த ராஜாக்கள் கதையெல்லாம் வர்ற ஷாநாமாங்கற பாரசீகக் காவியத்தை இங்கிலீஷ்ல படிச்சு ராத்திரி ராத்திரி எனக்குத் தமிழ்ல சொல்லுவா. ஸஹாக் கெட்டதே சாப்பாட்டாலதான், சைத்தான் சமையக்காரன் வேஷத்துல வந்து மொதல்ல முட்டை மஞ்சக்கரு, அப்புறம் பறவைக் கறி, ஆட்டுக்கறின்னு ஆக்கிப்போட்டு ராஜாவை மயக்கி, கூலியா தோள்ல முத்தம் மட்டும் போதும்னு கேட்டான், அங்கதான் ரெண்டு பாம்பு முளைச்சுது. அதுங்களுக்கு தினம் ரெண்டு பசங்களோட மூளை வேணும்.

அப்பத்தான் இந்த ரெண்டு பேரும் சமையல் கத்துக்கிட்டு அரண்மனை அடுப்படிக்குள்ள போறாங்க. தினம் ஒருத்தனை ரகசியமா விட்டுட்டு, ஆட்டு மூளையைக் கலந்து வெச்சிடுவாங்க. மாசம் 30 உசுரு! 200 பேர் சேர்ந்ததும் ஆடுகளைக் கொடுத்து ஊர்க்கண்ணுல படாத வெளிக்கு அனுப்பி வெச்சாங்க, குர்து ஜனங்க அந்த வழி வந்தவங்கன்னு ஷாநாமாவை எழுதின கவிஞர் ஃபிர்தௌசியே பாடியிருக்கார். ஆனா அந்த இன்னொரு பையனைக் காப்பாத்த முடியல. ரெண்டு பேர்ல யாரை விடறதுன்னு எப்படித்தான் முடிவு பண்ணாங்களோ, மறுநாள் காலைல அதே அடுப்பை எந்த மனசோட பத்த வெச்சாங்களோ, இதை நினைச்சாலே எனக்கு வேலைல கை ஓட மாட்டேங்குது.

இது நமக்கு சம்பந்தமில்லாத கதையும் இல்ல. நம்ம குன்னூர்ல வாழ்ந்து 2008ல வெலிங்டன்ல காலமான ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவோட முழுப் பேர்ல அந்த ஜம்ஷீத் ராஜா பேர் ஜம்ஷெட்ஜின்னு வரும், அவர் பாரசீகத்துல இருந்து வந்த பார்சி வம்சம், ஊட்டி பார்சி கல்லறைலதான் அடக்கம் பண்ணிருக்காங்க.

மார்ச் 21 பார்சிக்காரங்களுக்கு ஜம்ஷீத் பேர்ல வர்ற ஜம்ஷெதி நவ்ரோஸ் பண்டிகை. அந்த வாரமாவது அர்மாயில், கர்மாயில் கதையைத் தனியா, படத்தோட போடுங்க சார், எங்க கிச்சன் சுவத்துல ஒட்டி வெக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்