பர்வதமலையில் உதவிய அக்காவுக்கு நன்றி

பர்வதமலையிலிருந்து கடலாடி வழியாக இறங்கும்போது, என் குதிகால் கொப்புளத்தைப் பார்த்துத் தானாகவே வந்து உதவிய வேலூர் அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் கேட்பதற்குள் உங்கள் குழு நகர்ந்துவிட்டது.

உடைத்துவிடலாம் என்றான் நண்பன். "வேணாம்பா, அந்தத் தோல் இருக்கிற வரைக்கும் கிருமி உள்ளே போகாது" என்று தடுத்தீர்கள். கழுவி, ஈரம் ஒற்றி, பஞ்சில் நடுவே ஓட்டை போட்டுக் கொப்புளத்தைச் சுற்றி வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டினீர்கள். செருப்பு அங்கே அழுத்தவே இல்லை, அப்புறம் நிம்மதியாக நடந்தேன்.

வியர்வையில் ஊறிய தோல் உராய்வைத் தாங்காது என்று காய்ந்த சாக்ஸும் கொடுத்தீர்கள். எரிய ஆரம்பித்ததுமே நின்று பிளாஸ்டர் ஒட்ட வேண்டும் என்றீர்கள்; மலையேறும் எல்லோரும் கேட்க வேண்டிய வார்த்தை. சர்க்கரை நோயுள்ள என் மாமாவிடம், சின்னக் கொப்புளமானாலும் டாக்டரிடம் காட்டச் சொன்னதற்குத் தனி நன்றி.

சாக்ஸைத் துவைத்து வைத்திருக்கிறேன், அக்கா. இதைப் பார்த்தால் சொல்லுங்கள், நேரில் வந்து தருகிறேன்.