சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் நம்மவர்களுக்கு

சிங்கப்பூரில் ஆங்கிலத் துணைப்பாடம் எடுக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

என்னிடம் படிக்கும் தொடக்கநிலை ஆறு மாணவன் ஒருவன், 'சக்ஸஸ்' வரவேண்டிய இடத்தில் 'சக்ஸீட்' என்று எழுதியிருந்தான். சீனாவிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. "வாய்விட்டுப் படி, தப்பு உனக்கே தெரியும்" என்றேன். படித்தான். "சரியாகத்தானே இருக்கு, டீச்சர்" என்றான்.

அந்த அறிவுரையை நாம் கைவிட வேண்டும். இந்த மடலே அதற்காகத்தான்.

வீட்டில் மாண்டரின் என்ற சீன மொழி மட்டுமே கேட்டு வளர்ந்த காதுக்கு ஆங்கிலச் சொல்லின் வால் கேட்பதில்லை. மாண்டரினில் ஓர் அசை உயிரில் முடியும், இல்லாவிட்டால் 'ன்', 'ங்' போன்ற ஒலியில் முடியும். 'ட்', 'ஸ்' ஓரத்தில் நிற்பதே கிடையாது. 'நடந்தான்' என்ற பொருளில் 'வாக்ட்' என்று நாம் சொன்னாலும் பிள்ளை 'வாக்' என்றே எடுத்துக்கொள்கிறது. (நாம் மட்டும் என்ன? 'பஸ்ஸு', 'புக்கு' என்று வாலுக்கு ஓர் உகரம் ஒட்டி ஓட்டுகிறவர்கள்தானே.) காதில் விழாததை எழுத்தில் தேடச் சொல்வது எப்படி?

இன்னொரு சிக்கல் சொற்பட்டியல். 'சக்ஸீட்', 'சக்ஸஸ்', 'சக்ஸஸ்ஃபுல்' மூன்றுக்கும் மாணவர்கள் எதிரே எழுதிவைப்பது ஒரே சீனச்சொல்: செங்கோங். வினையானாலும் பெயரானாலும் அந்தச் சொல் உருவம் மாறுவதில்லை. அப்படி முன்னூறு சொல் மனப்பாடம் செய்த பிள்ளைக்குப் பொருள் தெரியும், எந்த வடிவம் எங்கே உட்காரும் என்பது தெரியாது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ.யின் ஆங்கிலத் தாளில் வாக்கியத்தை மாற்றி எழுதும் பகுதியில் 5 கேள்விக்கு 10 மதிப்பெண். கருத்தைச் சரியாகப் பிடித்தும் வடிவத்தில் கோட்டைவிடுகிறார்கள்.

இங்கேதான் தமிழ் தெரிந்த நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அழகு, அழகான, அழகாக. பெயருக்கு முன் 'ஆன', வினைக்கு முன் 'ஆக' என்று நாம் யோசிக்காமலே போடுகிறோம். மாண்டரினிலும் இதற்கு இணை உண்டு. பெயருக்கு முன் ஒரு 'தெ', வினைக்கு முன் ஒரு 'தெ'. ஒலி ஒன்று, எழுத்து வேறு. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று சீனப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். இன்னொரு வாக்கியத்தில், கோடிட்ட இடத்தைச் சீனத்தில் எழுதினால் எந்த 'தெ' வரும் என்று முதலில் கேட்டேன். பையன் ஒரு கணம் யோசித்து இரண்டாவதை எழுதினான். "அப்படியானால் 'லி' சேர்" என்றேன். 'சக்ஸஸ்ஃபுல்லி' வந்துவிட்டது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. 'தெ' இல்லாமலே பெயரடை வரும் இடங்கள் ஏராளம். பெயர்ச்சொல் வடிவத்துக்கு இந்த உத்தி உதவவே உதவாது. அதைச் சொற்குடும்பமாகப் படிக்கத்தான் வேண்டும்.

பன்மைக்கும் பொறுமை தேவை. 'மூன்று புத்தகம்' என்று பேச்சில் நாமும்தான் சொல்கிறோம். 'எஸ்' போடு என்று அதட்டினால் அடுத்த வாரம், 'எஸ்' ஏற்காத சொல்லுக்கும் அதை ஒட்டி 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று வந்து நிற்கும்.

ஒற்றை வாக்கியப் பயிற்சித்தாள்களையும் குறையுங்கள். சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவில்கூட, ஆங்கில இலக்கணப் பகுதியில், ஒரு முழுப் பத்தியைக் கொடுத்து அதில்தான் 10 இடங்களை நிரப்பச் சொல்கிறார்கள், இடத்துக்கு 1.5 மதிப்பெண். முன்பின் வாக்கியம் இருந்தால்தான் காலம் எது, எழுவாய் எது என்று பிள்ளை தேட முடியும்.

மாணவர்களின் தவறுகளை நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், பெயர் இல்லாமல், தவறும் அதற்கு அவர்கள் சொன்ன காரணமும் மட்டும். நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். டிசம்பர் விடுமுறையில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி