கல்லீரலுக்கு ஒரே ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிக்கலான கர்ப்பம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தாராளமாக இடம் கொடுத்துவிட்டு, கல்லீரலை மட்டும் ‘மஞ்சள் காமாலை தெரிந்தால் மருத்துவரிடம் போகவும்’ என்ற ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பிரசவ வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் நான். கண் மஞ்சளாகும்வரை காத்திருந்தால் பல நேரம் காலம் கடந்துவிடும். கர்ப்பிணிக்குக் கல்லீரல் கோளாறு பெரும்பாலும் அரிப்பாகவோ நெஞ்செரிச்சல் போலவோ வாந்தியாகவோதான் தலைகாட்டும். மூன்றும் கர்ப்பத்தில் சகஜம் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு பெரிதாகும்போது தோல் நமைப்பது வேறு. பித்தம் சரியாக வடியாமல் பித்த அமிலம் இரத்தத்தில் தேங்கி வரும் அரிப்பு வேறு. இரண்டாவது, பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்காலில் தொடங்கும். இரவில் தூங்கவே விடாது. தடிப்போ கொப்புளமோ இருக்காது, நகம் பட்ட கோடுகள்தான் இருக்கும். தோலில் ஒன்றுமில்லையே என்று களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அப்போது கேட்டு வாங்க வேண்டியது கல்லீரல் பரிசோதனையும் பித்த அமில அளவும். அந்த அளவு லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டுவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் அபாயம் கூடுகிறது. அதனால்தான் 36 வாரத்தையொட்டியே பிரசவம் பார்த்துவிடுகிறார்கள். அளவு குறைவாக இருந்தால் அவ்வளவு பதற வேண்டாம். ஆனால் ஏறக்கூடியது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இதற்குக் கொடுக்கும் அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை அரிப்பை ஓரளவு தணிக்கலாம். குழந்தைக்கான ஆபத்தைக் குறைப்பதாக 2019இல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வில் தெரியவில்லை. மாத்திரைதான் சாப்பிடுகிறோமே என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பயந்துபோகிறவர்களும் உண்டு. அதில் வரும் அல்கலைன் பாஸ்பேட்டஸ் என்ற என்சைம் கர்ப்பத்தில் இயல்பாகவே ஏறும், நஞ்சுக்கொடியும் அதைச் சுரக்கிறது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம்கள் அப்படியல்ல. அவை ஏறினால் காரணம் தேடியே ஆக வேண்டும்.

அப்புறம் அந்த நெஞ்செரிச்சல். 20 வாரத்துக்குப் பிறகு மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ விடாமல் வலித்தால், கூடவே தலைவலியோ வாந்தியோ இருந்தால், அசிடிட்டி மருந்து குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கல்லீரல் என்சைம் ஏறி, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறையும் ஹெல்ப் (HELLP) சிண்ட்ரோமாக இருக்கலாம். இரத்த அழுத்தம் ஏறாமலே சிலருக்கு இது வருகிறது. கல்லீரல் என்சைமோடு பிளேட்லெட்டையும் அன்றே பார்க்க வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது.

கட்டுரை தொடவே தொடாத இன்னொரு கூட்டம், ஏற்கெனவே கல்லீரல் நோயோடு கருத்தரிப்பவர்கள். கர்ப்பம் உறுதியானதும் இவர்களில் சிலர் செய்யும் முதல் காரியம், யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது. குழந்தைக்கு ஆகாதாம். உடலின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸுக்கு எடுக்கும் அசத்தியோபிரின் பொதுவாகக் கர்ப்பத்திலும் தொடரப்படும் மருந்துதான். நிறுத்தினால் நோய் கிளம்பி அம்மா, குழந்தை இருவரையும் பாதிக்கும். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கும் சிகிச்சை தொடர வேண்டும், மருந்தின் அளவை மட்டும் மருத்துவர் மாற்றலாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளில் மைகோஃபெனோலேட் போன்றவற்றைக் கருத்தரிக்கும் முன்பே மாற்றியாக வேண்டும் என்பதும் உண்மை. ஆக, எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதைக் கருத்தரிப்பதற்கு முன்பே கல்லீரல் மருத்துவரிடம் பேசி முடித்துவிடுவது நல்லது. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் இருந்தால் உணவுக்குழாய் இரத்தக் குழாய்கள் வீங்கியிருக்கின்றனவா என்று நடு மாதங்களில் எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பார்கள். பிரசவத்தில் முக்கும்போது அவை வெடிக்கலாம் என்பதுதான் அந்தப் பயம்.

ஹெபடைடிஸ் பி உள்ள தாய்மார்கள் தாய்ப்பால் கொடுக்கலாமா என்பது எங்கள் வார்டில் ஓயாத கேள்வி. பிறந்த 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் போட்டுவிட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். அடுத்த இதழில் கல்லீரல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, இதையாவது விரிவாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, பிரசவ வார்டு செவிலியர்