கண்ணி வெட்டினால் செயின் சரியாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேதாரண்யம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். உப்பளத்துக்குப் போகிறவர்களும், பிளஸ் 1-ல் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் வரும் பிள்ளைகளும்தான் என் வாடிக்கை. பள்ளி திறக்கும் நேரம் என்பதால் ஒரு விஷயத்தைப் பெற்றோர் காதிலும் என்னைப் போன்ற கடைக்காரர்கள் காதிலும் போட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

செயின் தொங்குகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தால் பின் சக்கரத்தை இழுத்துக் கட்டுவோம். அதில் தப்பில்லை. ஆனால் இழுக்க இடமில்லாதபோது பல கடைகளில் ஒரு கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு, "டைட் ஆயிடுச்சு, போ" என்று அனுப்பிவிடுகிறார்கள். இதைத்தான் நிறுத்த வேண்டும்.

செயின் நீள்வது இரும்புத் தகடு இழுபடுவதால் அல்ல. கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழைதான், எல்லாம் சேர்ந்தால் நீளம். எங்கள் ஊர் உப்புக் காற்றில், எண்ணெய் காணாத செயின் இன்னும் சீக்கிரம் போய்விடும். புதுச் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் நடுவே சரியாக அரை அங்குலம். பல்சக்கரமும் அதே கணக்கில்தான் வெட்டப்பட்டிருக்கும். சாதாரண வண்டியின் செயின் மொத்தம் சுமார் 56 அங்குலம். உள்தகடும் வெளித்தகடும் ஜோடியாகத்தான் வரும் என்பதால் ஒரு வெட்டு என்றால் ஓர் அங்குலம். முதலில் அளவாகப் பொருந்தியிருந்த செயினில் ஓர் அங்குலம் வெட்ட இடம் வந்துவிட்டதென்றால், அது நூற்றுக்கு இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நீண்டிருக்கிறது. நூற்றுக்கு ஒன்று நீண்டாலே அதைக் கழித்துக்கட்ட வேண்டும். வெட்டினால் மொத்த நீளம் குறையுமே தவிர, மிச்சமிருக்கும் கண்ணி ஒவ்வொன்றும் நீண்டபடியேதான் இருக்கும். அது பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி ஏறிப் பல்லைத் தின்னும்.

பிளஸ் 2 படிக்கும் பெண் ஒருத்தி முழங்கால் சிராய்ப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் பல்லைத் தாண்டிக் குதித்துக் கால் வழுக்கிவிட்டது. "செயின் டைட்டாத்தானே மாமா இருக்கு" என்றாள். டைட்டாகத்தான் இருந்தது. செயின் கவரைக் கழற்றிப் பார்த்தால், இரண்டு இடத்தில் பின்களின் தலைகள் சுத்தியலடி பட்டுப் பளபளத்தன. வெட்டிச் சேர்த்த இடங்கள் அவை. பின் சக்கரத்தின் பல்சக்கரமான பிரீவீலின் பற்கள் சுறாவின் முதுகுத் துடுப்பு போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகியிருந்தன. பின்னால் லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். தச்சர் வைத்திருக்கும் டேப் போதும். செயினைத் துடைத்து, கீழ்ப்பக்கத்தை இழுத்துப் பிடியுங்கள். டேப்பின் முனைக் கொக்கி ஆடும் என்பதால், 1 அங்குலக் கோட்டை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். 13-ஆம் கோடு ஒரு பின்னின் நடுவில் விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது. அந்தப் பின்னின் நடு, கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும், பிரீவீல் தப்பித்துவிடும். 1/8 அங்குலம் போயிருந்தால் பிரீவீலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் குதிக்கும், அப்புறம் "புதுச் செயின் மட்டம்" என்று பழி வரும். முன்னால் இருக்கும் பெரிய பல்சக்கரம் பெரும்பாலும் தாங்கும். அதில் பல் அதிகம், தேய்மானம் பகிர்ந்துபோகும்.

மிதி வழுக்கினாலே செயின்தான் என்றும் முடிவு கட்டக் கூடாது. செயினும் பிரீவீல் பல்லும் சேர்ந்தே சுற்றியும் சக்கரம் மட்டும் நிற்கிறதென்றால், பிரீவீலுக்குள் இருக்கும் சின்ன நாக்குகள் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மிதியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் 'கடக்' என்றால், மிதியைத் தாங்கும் கிராங்கை அச்சோடு இறுக்கும் கோட்டர் பின்னை முதலில் பாருங்கள்.

தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிரீவீலை உளியால் அடித்துக் கழற்றாதீர்கள். மிதிக்க மிதிக்க இறுகிய மரை அது. கழற்றும் சாவி மாட்டுகிற காடியில் உளி பட்டால் அப்புறம் சாவி பிடிக்காது. சாவியை வைஸில் கட்டிச் சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினால் கழன்று வரும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கை மாட்டும்போது அதன் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஏதாவது உரசியதும் கிளிப் கழன்றுவிடும்.

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு கோரிக்கை. மிதிவண்டி கொடுக்கும்போதே இந்த டேப் அளவையும் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். பருவத்துக்கு ஒரு நாள் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளை அளந்து பார்க்க உள்ளூர் சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். எங்கள் பக்கத்துப் பள்ளி கூப்பிட்டால் நான் காசு வாங்காமல் வருவேன்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
வேதாரண்யம்