அம்முவுக்கு, அம்பத்தூரிலிருந்து

அன்புள்ள அம்மு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம், உன் பக்கம் ஒரே சத்தம். அதனால் எழுதுகிறேன்.

"இன்னும் பாடமே ஆரம்பிக்கலப்பா. காலையில யோகா, அப்புறம் விளையாட்டு, யாராவது வந்து பேசுறாங்க, சாயங்காலம் குழுவா உட்கார வெச்சுப் பேசச் சொல்றாங்க. மூணு வாரம் இதேதானாம். வீட்டுக்கு வந்துட்டு, கிளாஸ் ஆரம்பிச்சதும் திரும்பி வரட்டுமா?" என்று கேட்டாய். வர வேண்டாம்மா. உன்னைப் பார்க்க எனக்கும் அம்மாவுக்கும் ஆசைதான். ஆனாலும் இந்த மூன்று வாரமும் நீ அங்கேதான் இருக்க வேண்டும்.

சேர்க்கையன்று கொடுத்த கையேடு என் பையிலேயே வந்துவிட்டது. டீ இடைவேளையில் முழுக்கப் படித்துவிட்டேன். இன்ஜினியரிங் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கான இந்த அறிமுகப் பயிற்சியை ஏ.ஐ.சி.டி.இ., அதாவது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சில், 2017-இல் கொண்டுவந்ததாம். அதற்கு முன்பே, 2011-இல், காந்திநகர் ஐ.ஐ.டி.யில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஐந்து வாரம் இப்படி நடத்தியிருக்கிறார்கள். அவ்வளவு கடினமான பரீட்சை எழுதி உள்ளே போன பிள்ளைகளுக்கே வகுப்புக்கு முன்னால் நிதானமாகப் பழகிக்கொள்ள நாள் வேண்டியிருந்திருக்கிறது. நீ இதை நேரம் வீணாகிறது என்று நினைக்காதே.

உன் அறையில் இருக்கும் பெண்ணின் அப்பா இன்ஜினியர் என்றாய். அந்த வீட்டில் கிரெடிட் என்றால் என்ன, இன்டர்னல் மார்க் எப்படிப் போடுவார்கள், ஒரு பேப்பர் அரியர் விழுந்தால் அடுத்து என்ன செய்வது என்பதெல்லாம் சாப்பிடும்போதே காதில் விழுந்திருக்கும். நம் வீட்டில் நான் ஐ.டி.ஐ. டர்னர், அம்மா பத்தாவது. என் பேச்செல்லாம் மைக்ரோமீட்டரும் ஓவர்டைமும்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்ததால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு பார்த்துக்கொள்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பணத்துக்கு வழி ஆயிற்று. நம் வீட்டில் உன் காதில் விழ வாய்ப்பில்லாமல் போன விஷயங்களுக்கு வழி இந்த மூன்று வாரம்தான். உன் அறைத்தோழியைவிட உனக்குத்தான் இது அதிகம் தேவை.

இன்னொன்றும் சொன்னாய். எல்லாரும் இங்கிலீஷில் பேசுகிறார்கள், நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலையில் மனசு நிற்கவில்லை. எங்கள் பட்டறையில் புது அப்ரண்டிஸ் பையன் வந்தால் முதல் நாளே கஸ்டமர் ஜாபைக் கொடுக்க மாட்டோம். ஸ்கிராப் துண்டை லேத் சக்கில் மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்வோம். அளவு தப்பினால் யாருக்கும் நஷ்டம் கிடையாது, பையனுக்குக் கை பழகும். இப்போது நீ தப்பும் தவறுமாகப் பேசினால் உனக்கு ஒரு மார்க்கும் குறையப் போவதில்லை. வகுப்பு ஆரம்பித்த பிறகு பேசப் பழகலாம் என்றால் அதற்குள் அசைன்மென்ட், லேப், இன்டர்னல் என்று எல்லாம் மொத்தமாக வந்து நிற்கும். தமிழ் மீடியத்தில் படித்ததை மறைக்கவும் வேண்டாம். இங்கிலீஷில் வராவிட்டால் தமிழிலேயே கேள். ஆனால் கேள். நாளைக்கு இரண்டாவது வரிசையில் உட்கார்.

இதையெல்லாம் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணமே நீதான். பன்னிரண்டாவதில், என்னென்ன படிக்கலாம் என்று அரசு வழிகாட்டும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வந்து, இவ்வளவு படிப்பு இருக்காப்பா என்று ராத்திரி வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாயே. அதுவரைக்கும் நமக்குத் தெரிந்தது டாக்டர், இன்ஜினியர், டீச்சர்தான். அது நல்ல தொடக்கம். ஆனால் ஒரு நாள் அரங்கில் உட்கார்ந்து கேட்பது மட்டும் போதாது என்பது என் எண்ணம். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகமே வரும். அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். உனக்கு உன் பிசிக்ஸ் டீச்சர் இருந்தார். கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50 என்று 200-க்கு கட்-ஆஃப் போடுவதை எனக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார். கவுன்சலிங்கில் பஸ் வசதியைப் பார்த்துக் கல்லூரியை வரிசைப்படுத்தாதே, உனக்குப் பிடித்ததை முதலில் போடு என்றார். ஒரு கல்லூரியில் இடம் ஒதுக்கி வந்ததும் நான் பயந்துபோய் இதையே உறுதி செய்துவிடலாம் என்றபோது, "இடத்தை ஏற்றுக்கொண்டு அப்வர்ட் கேட்கலாம் சார். மேலே உள்ள விருப்பம் காலியானால் அது கிடைக்கும், ஆகாவிட்டால் இது கையில் இருக்கும்" என்று விளக்கினார். அப்படித்தான் உனக்குக் கோயம்புத்தூர் கிடைத்தது. அவர் உட்கார்ந்து சொல்லாமல் இருந்திருந்தால் பட்டியலில் இருந்த அந்த வழி நம் கண்ணிலேயே பட்டிருக்காது.

எதிர்வீட்டுத் தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டு எங்கேயும் சேராமல் டெலிவரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தானே, அவனும், மேலே படிக்காமல் நின்றவர்களுக்கு அரசு நடத்தும் உயர்வுக்குப் படி முகாமுக்குப் போய் வந்து இப்போது பி.காம். சேர்ந்துவிட்டான். அவனுக்கும் வேண்டியிருந்தது ஓர் ஆள்தான். எந்தச் சான்றிதழ் குறைகிறது, எங்கே இடம் இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள்.

கையேட்டில் நான் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கும் வரி ஒன்று இருக்கிறது. சுமார் 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வழிகாட்டியாக இருப்பார், கூடவே ஒரு சீனியரும் இருப்பார் என்று. சாயங்காலம் குழுவாக உட்கார வைக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டாயே, அதுதான் இது. யோகாவைவிட, பெரிய பேச்சாளர்களைவிட, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உன் குழுவுக்கு வழிகாட்டியாக இருக்கும் மேடம் உன் முகத்தையும் பேரையும் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். நாலு வருஷத்தில் உடம்பு சரியில்லாமல் போகலாம், ஒரு பேப்பர் கஷ்டமாக இருக்கலாம், திரும்பி வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றலாம். அன்றைக்குப் போய்க் கதவைத் தட்ட உனக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. நான் 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன் கண்ணு. ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினாலும் காலையில்தான் வந்து சேர முடியும்.

ஆயுத பூஜை லீவுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறேன். கூட்டமாக இருக்கும், இப்போதே பார்க்க வேண்டும். அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், கூரியரில் வரும்.

புதுமைப் பெண் திட்டத்துக்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார் இணைத்த கணக்கின் பாஸ்புக் உன் பெட்டியில் துணிக்கு அடியில் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது, எந்தத் தேதிக்குள் கொடுப்பது என்று அந்த மேடத்திடம் நாளைக்கே போய்க் கேள். அவரிடம் நீ கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும். என்ன சொன்னார் என்று ராத்திரி எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா