800 கோடியை நீ சுமக்க வேண்டாம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? டேஜோனில் தென் கொரியக் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. சிறு வயதிலிருந்தே காதில் காற்று பட்டால்தான் உனக்குச் சளி பிடிக்கும். இரவு வெகுநேரம் ஆய்வகத்தில் நிற்காதே. மோர் கிடைக்காத ஊர் என்கிறாய், தயிராவது கிடைக்குமல்லவா, அதைக் கரைத்துக் குடி.

போனில் பேச உனக்கு நேரம் இருப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் நாலு வரி எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு இது தெரியாது. நீயும் சொல்ல வேண்டாம்.

பிள்ளையார் சதுர்த்தியன்று அம்மா உன்னிடம் விசேஷம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். எந்தத் தாயும் கேட்பதுதான். "உலகத்தில் 800 கோடி பேர் இருக்கிறார்கள், போதாதா? செயின்ட் மேத்யூ தீவு மான்கள் என்ன ஆயின என்று அப்பாவைக் கேள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அம்மா கொழுக்கட்டை மாவு ஒட்டிய கையோடு வந்து என்னிடம் கேட்டாள். நானும் ஆண்டும் எண்ணிக்கையுமாக வகுப்பில் சொல்வதுபோலவே சொல்லி முடித்தேன். அவள் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை. டாக்டர் பட்டம் வாங்கிய பெண், பெற்றவளிடம் பேசுகிற பேச்சா அது?

போகட்டும். நீ பாடத்தை இழுத்துவிட்டாய், நானும் பாடத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

திண்ணையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் சூழலியல் நடத்தும்போது நீ தூணைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே கேட்பாய். தடையில்லாமல் ஏறிக்கொண்டே போகும் ஜே வளைவும், ஏறிப் பிறகு சமன்படும் எஸ் வளைவும் ஆறாம் வகுப்பிலேயே வரைந்து காட்டியவள் நீ. தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். மான் கதையிலும் எண்கள் உனக்குத் தப்பவில்லை. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை பெரிங் கடலில் உள்ள அந்தத் தீவில் 29 ரெயின்டீர் மான்களை இறக்கியது. ஓநாய் கிடையாது. தரையெங்கும் லைக்கன், பாசிபோலப் படரும் அதுதான் மான்களின் தீனி. 1963இல் ஏறத்தாழ 6,000. 1966இல் எண்ணியபோது 42. ஆனால் ஏன் அப்படி ஆயிற்று என்பதை நீ விட்டுவிட்டாய். லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அந்த வளர்ச்சிதான் வட்டி, மான்கள் அதைத் தின்று தீர்த்த பிறகு முதலிலும் வாய் வைத்தன. தீவை விட்டுப் போக வழியில்லை. அடுத்த ஆண்டு குட்டி போடாமல் இருப்போம் என்று எந்த மானாலும் முடிவெடுக்க முடியாது. பட்டினியோடு 1963-64இன் கடுங்குளிரும் சேர்ந்தது, முடிந்துவிட்டது.

இங்கே பாமணி ஆற்றை இந்த ஆண்டும் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறது. பிறந்த ஊரான தென் அமெரிக்காவில் அதைத் தின்னும் வண்டுகள் உண்டு. நம் ஆற்றில் அதற்கு அவ்வளவு தடை இல்லை, சாதகமான காலத்தில் இரண்டு வாரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகிவிடுகிறது. ஜே வளைவைக் காட்ட வேண்டுமென்றால் இப்போதும் பிள்ளைகளைப் பாலத்துக்குத்தான் கூட்டிப்போவேன். எஸ் வளைவுக்கு, 1930களில் ரஷ்ய விஞ்ஞானி காஸ் குழாயில் வளர்த்த பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரி. முதலில் விறுவிறுவென்று பெருகும், கூட்டம் தாங்குதிறனை, அதாவது அந்தக் குழாய் தாங்கக்கூடிய அளவை, நெருங்க நெருங்க வேகம் தணியும். அங்கே வேகத்தைத் தணிப்பது உணவுத் தட்டுப்பாடு.

மனிதனை இந்தத் தாளில் வைத்துப் பார். உலக மக்கள்தொகை 100 கோடியைத் தொட்டது 1800களின் தொடக்கத்தில். 200 கோடி 1927இல். 400 கோடி 1974இல். 800 கோடி 2022 நவம்பரில். இவ்வளவையும் பார்த்தால் மான் வளைவுதான், உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வளைவின் வயிற்றுக்குள் இன்னொன்று நடந்திருக்கிறது. வளர்ச்சி வீதம் 1960களில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது, அதன் பிறகு இறங்கிக்கொண்டே வந்து இன்று 1 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. அடுத்த இரட்டிப்பு இல்லை. 2080களின் நடுவில் 1,030 கோடி அளவில் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும் என்பது ஐ.நா. 2024இல் வெளியிட்ட கணிப்பு.

இந்த இறக்கம் பசியால் வரவில்லை. சோறு கிடைத்த பிறகு வந்தது. எந்த உயிரினத்திலும் நான் நடத்தாத பாடம் இது. பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகள் குறிப்பெடுக்க மாட்டார்கள், நான் விடாமல் சொல்வேன்.

அப்பாயி ஒன்பது பெற்றாள், தங்கியது ஐந்து. மூங்கில் கூடை விஷயம் உனக்குத் தெரியும், அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. எது தங்கும் என்று தெரியாததால்தான் அவள் பெற்றுக்கொண்டே இருந்தாள். 1970களின் தொடக்கத்தில்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் 100க்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் அது 13. நடுவில் என்ன வந்தது? பள்ளியில் மதிய உணவு, ரேஷன் அரிசி, துணை சுகாதார நிலையம், தோளில் பையோடு வரப்பில் நடந்து வந்த நர்சம்மா, உள்ளூரிலேயே ஒரு பெண்கள் பள்ளி. சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் இருந்தது உண்மைதான். ஆனால் பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வராமல் முக்கோணத்தை யார் பார்த்திருப்பார்கள்?

வற்புறுத்திப் பார்த்த கதையும் உண்டு. நெருக்கடி நிலையின்போது 1976-77இல் ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். வடக்கே ஏழைகளைப் பிடித்துக்கொண்டே போனார்கள். 1977 தேர்தலில் அந்த ஆட்சி போயிற்று, குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரையே குடும்ப நலம் என்று மாற்ற வேண்டியதாயிற்று. நாட்டின் கணக்கை ஒரு மனிதரின் உடம்பில் எழுதக் கூடாது. இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்கிறேன், நீ எந்தப் பக்கத்திலிருந்து வாதாடினாலும்.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி. இந்தியா முழுவதற்கும் 2.0. ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளத் தேவைப்படுவது 2.1. நீ இருக்கும் நாட்டைப் பார். 1960இல் கொரியப் பெண் ஒருத்திக்குச் சராசரி 6 பிள்ளைகள். 1980களில் 'இரண்டும் அதிகம்' என்று அங்கே அரசே பிரசாரம் செய்தது. 2023இல் அது 0.72. தினமும் நீ ரயிலில் பார்க்கும் முகங்களே சொல்லுமே.

உன் வாதத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. இன்னும் இருபது ஆண்டுகளில் தாயாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். பிறப்பு 2.1க்கு இறங்கிய பிறகும் ஒரு நாட்டின் மக்கள்தொகை பல ஆண்டுகள் ஏறிக்கொண்டே போவது இதனால்தான். மக்களை வயதுவாரியாக அடுக்கிக் காட்டும் வயதுப் பிரமிடின் அடியில் இளையவர்கள் குவிந்திருக்கிறார்கள். அந்தக் குவியலை ஒரு வீட்டில் பிறக்காத ஒரு பிள்ளை அசைத்துவிடாது. பூமிக்குப் பாரம் தலைகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, ஒவ்வொரு தலையும் எவ்வளவு எரிக்கிறது என்பதும்தான். இந்தியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2 டன் அளவு கரியமில வாயுவை வெளியிடுகிறார், கொரியர் 10 டன்னுக்கும் மேல். நீ ஆய்வகத்தில் செய்யும் பேட்டரி வேலை அந்தப் பத்தைக் குறைக்க உதவும் வேலை. பூமிக்கு நீ கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

இப்படி எழுதுவதால் பேரன் பேத்திக்கு அடிபோடுகிறேன் என்று நினைக்காதே. தொகுதி மறுவரையறைப் பேச்சு வந்ததிலிருந்து இங்கே கல்யாண மேடைகளில் பிள்ளை பெறச் சொல்லி வாழ்த்துகிறார்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தில் இடம் குறையலாம் என்ற பயம் நியாயமானதுதான். 1971 மக்கள்தொகைக் கணக்கோடு நிறுத்திவைத்த தொகுதி எண்ணிக்கையை இப்போது மாற்றினால் நமக்குத்தான் நட்டம். ஆனாலும் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியது நாடாளுமன்றம், மணவறையில் உட்கார்ந்திருக்கும் பெண் அல்ல. தொகுதிக்காகப் பெறவும் வேண்டாம், 800 கோடிக்காகப் பெறாமல் இருக்கவும் வேண்டாம்.

இரவில் சீக்கிரம் தூங்கு. ஆய்வகத்தை மாப்பிள்ளையோ வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள்.

இதற்கு மேல் எழுதுவதா என்று பேனாவை வைத்துவிட்டு, திரும்ப எடுத்திருக்கிறேன். உன்னிடம் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில், இன்னொன்று ஐந்தாம் மாதத்தில். ஒரு கோடை விடுமுறை முழுக்க உன்னை அத்தை வீட்டில் விட்டிருந்தோமே, நீ கோபித்துக்கொண்டு என்னோடு பேசாமல் இருந்தாயே, அப்போதுதான். பள்ளியில், ஒன்றோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார்கள். "நாமிருவர் நமக்கொருவர். நாட்டில் 84 கோடி பேர் இருக்கிறார்கள், போதாதா சார்?" என்றேன். 1991 கணக்கெடுப்பு எண் எனக்கு மனப்பாடம். சொல்லச் சொல்ல எளிதாயிற்று. ஒரு சுதந்திர தின விழாவில் எங்களை முன்மாதிரிக் குடும்பம் என்று மேடையில் புகழ்ந்தார்கள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரோடும் சேர்ந்து அவளும் கை தட்டினாள். அதன் பிறகு அந்த இரண்டைப் பற்றி அவள் யாரிடம் அழுதிருக்க முடியும்? நாங்களே விரும்பி நிறுத்தியதாக நான் ஊருக்குச் சொல்லிவிட்டேனே. என்னிடமும் அவள் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

சதுர்த்தியன்று 800 கோடி என்று நீ சொன்னபோது அது என் குரலாகவே இருந்தது.

நான் எதையும் கேட்கவில்லை, கயல். சித்திரையில் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பச் சொன்னாய். நார்த்தங்காய் வாடையே உனக்கு ஆகாது. அம்மா எதுவும் விசாரிக்காமல், கடையில் வாங்கியது வேண்டாம் என்று தானே நறுக்கி, உப்பில் போட்டு, வெயிலில் உலர்த்தி அனுப்பினாள். பார்சல் வந்து சேர்ந்ததா என்று நீ சொல்லவில்லை. ஆனி மாதம் முழுக்க மாப்பிள்ளைதான் போனை எடுத்தார்.

பிள்ளை வேண்டாம் என்று நீங்கள் இருவரும் முடிவெடுத்திருந்தால், வேண்டாம் என்ற ஒரு சொல் எங்களுக்குப் போதும். அதற்குக் காரணமும் தேவையில்லை, உலகமும் தேவையில்லை. அம்மாவிடம் இனி யாரும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன், வடக்குத் தெருப் பெரியம்மா உட்பட. அப்படி இல்லாமல் வேறு ஏதாவது நடந்திருந்தால், என்னிடம் சொல்ல வேண்டியதில்லை, அவளிடம் சொல். நான் இதில் எழுதியதை அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். தொடக்கத்தில் வேண்டாம் என்று எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், அதைப் பொருட்படுத்தாதே.

அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வாங்கிவிட்டேன். காலாவதியாகப் போகிறது என்று மட்டும் அவளிடம் சொன்னேன். தை பிறப்பதற்குள் அவள் அங்கே வந்து ஒரு மாதமாவது உன்னோடு இருக்க வேண்டும். தனியாக விமானம் ஏறப் பயப்படுவாள், சென்னையிலிருந்து அந்தப் பக்கம் வருகிற மாணவர்கள் யாராவது இருந்தால் அதே விமானத்தில் டிக்கெட் போடலாம். விசாவுக்கு என்னென்ன காகிதங்கள் வேண்டும், வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும் என்று மாப்பிள்ளையை எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
அப்பா