தேதி தாண்டினால் என்ன செய்வது என்று சொல்லுங்கள்: கடலூர் மாவட்டத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவர்களுக்கும் தாய்சேய் நல அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அம்மா, ஐயா,

வணக்கம்.

சென்ற வியாழக்கிழமை, விளக்கேற்றும் நேரத்தில், எதிர்வீட்டு அம்மாள் எங்கள் வாசலுக்கு வந்தார். "அக்கா, உங்கள் பெண்ணுக்குக் கொடுத்த விளக்கெண்ணெயில் மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். அட்டையில் எழுதிய தேதி செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது. அன்று பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "வலி வந்தால் வாருங்கள் என்றார்கள்" என்றார்.

இதே மூன்று சொற்களைத்தான் ஐப்பசியில் எங்களுக்கும் சொன்னீர்கள். அதனால்தான் இந்த மடல்.

நான் நெல்லிக்குப்பத்தை அடுத்த ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அரிசி, பருப்பு, முட்டைக் கணக்கைப் பதிவேட்டில் எழுதிப் பழகிய கை இது. நிறைமாதத்தில் இருந்த என் மகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்ததும் இதே கைதான். அதை மறைத்துவிட்டு உங்களிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை. எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று எழுதப்போவதில்லை. யார்மேலும் நடவடிக்கை கேட்டு நான் எழுதவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஒன்பதாம் மாதப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், கூட வரும் தாயிடமும் மாமியாரிடமும் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். தேதி தாண்டினால் எத்தனை நாள் காத்திருக்கலாம்? எந்த நாளில் வலி இல்லாவிட்டாலும் வந்து படுக்க வேண்டும்? இடையில் என்ன நேர்ந்தால் உடனே ஓடி வர வேண்டும்? வாயால் சொல்லுங்கள், தாளிலும் எழுதிக் கொடுங்கள்.

என் மகளுக்கு ஒரு சனிக்கிழமை தேதி. ஞாயிறு போனது, திங்கள் போனது. செவ்வாய்க்கிழமை அழைத்துப் போனேன். இரத்த அழுத்தம் பார்த்தார்கள், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, வலி வந்தால் வாருங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது தவறில்லை என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது கதவைச் சாத்துவதுபோலக் கேட்டது. வியாழக்கிழமை மறுபடியும் பஸ் ஏறினோம். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, "அன்றைக்கே சொன்னோமே, ஏன் திரும்பத் திரும்ப வருகிறீர்கள்?" என்றார்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் தொலைபேசி ஓயவில்லை. "இன்னுமா ஆகவில்லை?" என்று சம்பந்தி வீட்டிலிருந்து இரண்டு தடவை கேட்டார்கள். நாள் தள்ளிப்போனால் தண்ணீர் வற்றிவிடும், கத்தி வைத்துவிடுவார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கத்திக்கு நாங்கள் பயப்படுவதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் அறுவைச் சிகிச்சை. எங்கள் தெருவில் வீடு வீடாக எண்ணினாலும் ஏறக்குறைய அப்படித்தான் வரும். அந்தப் பயத்தில் இருக்கும் தாயிடம், "இரண்டு கரண்டி விளக்கெண்ணெய் கொடு, விடிவதற்குள் தானாக வலி வரும்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அவள் என்ன செய்வாள்? நான் கொடுத்தேன்.

எங்கள் பாட்டி வரப்போரத்து ஆமணக்கில் கொட்டை பறித்து, வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பார். குழந்தைகளுக்கென்றால் பாலாடையில் அளந்து புகட்டுவார். பிள்ளைத்தாய்ச்சி என்றால் மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லாமல் எதுவும் கொடுக்கமாட்டார். என்னிடம் இருந்தது சாமி விளக்குக்காகக் கடையில் வாங்கிய பாட்டில். அதன் முதுகில் 'விளக்கேற்ற மட்டும்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

இரவு ஒன்பது மணிக்குச் சூடான பாலில் கலந்தேன். கலக்கவில்லை, திரண்டு மேலே நின்றது. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் குடித்தாள். பாதியில் டம்ளரை இறக்கி, "அம்மா, போதுமா?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம்தான் கண்ணு" என்றேன்.

பதினொன்றரைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எங்கள் வீட்டில் கழிப்பறை கொல்லையில் இருக்கிறது. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது, மின்சாரம் இல்லை. ஒரு கையில் குடை, மறு கையில் டார்ச்சோடு நான் முன்னே நடக்க, என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னே வந்தாள். நான்காவது தடவைக்குப் பிறகு அவளால் அறைவரை நடக்க முடியவில்லை. பின்வாசல் படியிலேயே தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். குடித்த தண்ணீரும் வாந்தியாக வெளியே வந்தது. உதடு காய்ந்து வெள்ளையாகிவிட்டது. ஒவ்வொரு தடவை வயிறு முறுக்கும்போதும், "அம்மா, இது பிள்ளை வலியா?" என்று கேட்டாள். இரண்டு பெற்ற எனக்கே தெரியவில்லை. வயிற்றில் கைவைத்துப் பார்த்தேன். இறுகியது, தளர்ந்தது. பேதி வலியா பிள்ளை வலியா, யாரைக் கேட்பது? மூன்று மணிக்குக் குழந்தை அசைவதே தெரியவில்லை என்றாள். 108க்கு அழைத்தோம்.

வண்டி வந்தது. ஓட்டுநரும் உதவியாளரும் அவளை ஈரச் சேலையோடு தூக்கி ஏற்றிய பொறுமையை நான் மறக்கமாட்டேன்.

வார்டில் முதல் கேள்வியே, "ஏதாவது குடித்தாயா?" என்பதுதான். உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் கேட்டதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. படிப்பில்லாத கூட்டம் என்றார்கள். பெற்ற மகளைக் கொல்லப் பார்த்தாய் என்றார்கள். பதினாறு கட்டில் இருந்த அந்த அறையில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்கள். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கருப்பை வாய் திறக்கவே இல்லை. அவ்வளவு பாடும் வெறும் பேதிக்குத்தான். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாவது பாட்டிலின்போதுதான் குழந்தை உதைப்பது தெரிந்தது.

என்னைத் திட்டியதற்காக நான் அழவில்லை. திட்டு எனக்கு வேண்டியதுதான். ஆனால் திட்டினால் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று மாலை பக்கத்துக் கட்டில் பெண்ணின் மாமியார் என் காதருகே குனிந்து, "நாங்களும் கொடுத்தோம், சொல்லவில்லை. உங்களைத் திட்டியதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?" என்றார். வீட்டில் எண்ணெய் குடித்ததை மறைத்த பெண்ணுக்கு, அது தெரியாமல் நீங்கள் வலி வரவைக்க ஜெல் வைப்பீர்கள், வலி ஊசி ஏற்றுவீர்கள். இரண்டும் சேர்ந்து கருப்பை இடைவெளி இல்லாமல் இறுகினால் குழந்தைக்கு மூச்சுத் திணறும் என்று உங்களில் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். முதல் பிரசவம் அறுவையாக இருந்தால் பழைய தையல் பிரியும் அபாயமும் இருக்கிறதாம். அப்படியானால் அந்த மாமியாரின் வாயை அடைத்தது யார்?

அந்த அபாயத்தை எனக்குச் சொன்னவர் இரவுப் பணிக்கு வந்த இளம் மருத்துவர். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார். ஆமணக்கு எண்ணெய் குடலுக்குள் போனதும் அதிலிருந்து ரிசினோலிக் அமிலம் பிரிகிறது, அதுதான் குடல் தசையை முறுக்குகிறது, கருப்பைத் தசையையும் அதே அமிலம் தூண்டுவதை 2012இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டார்கள் என்றார். "பெரியவர்கள் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன் அம்மா. ஆனால் யாருக்கு வலி வரும், யாருக்கு வெறும் பேதியோடு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது" என்றார். 2013இல் மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், மொத்தம் 233 பெண்கள். பலன் உண்டு என்றோ ஆபத்து இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல அது போதவில்லை. குடித்த எல்லாப் பெண்களுக்கும் குமட்டல் வந்தது. என் மகன் பிறகு தேடிப் படித்து, அவர் சொன்னது சரிதான் என்றான்.

தேதியைப் பற்றியும் அவர்தான் சொன்னார். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாளை எண்ணிப் போடும் கணக்கு அது. அந்த நாளிலேயே பெறுபவர்கள் நூற்றில் ஐந்து பேர்கூடத் தேறமாட்டார்கள். 37 வாரம் முடிந்து 42 வாரத்துக்குள் எப்போது வலி வந்தாலும் இயல்புதான். ஆனால் 41 வாரம் தாண்டினால் வலி வரவைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதாவது தேதிக்குப் பிறகு ஏழு நாள். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ நாள் பார்க்காமல் வர வேண்டும். இவ்வளவையும் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. ஏழு நாள் என்ற ஒரு சொல் செவ்வாய்க்கிழமையே என் காதில் விழுந்திருந்தால் வியாழக்கிழமை இரவு நான் அந்தப் பாட்டிலைத் திறந்திருக்கமாட்டேன். நாள் எண்ணத் தெரிந்தவள் நான். எதுவரை எண்ணுவது என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை ஜெல் வைத்தார்கள். ஞாயிறு காலை பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. கத்தி வைக்கவில்லை. அதற்காக அங்கிருந்த எல்லாருக்கும், என்னைத் திட்டியவருக்கும் சேர்த்தே, நன்றி சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

நேரம் இல்லை, கூட்டம் அதிகம் என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். அரசு வேலை பார்த்தவள் நான், ஆள் பற்றாக்குறை என்னவென்று அறிவேன். ஆனால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு என்னென்ன நகல் வேண்டும் என்று எங்களுக்குப் பத்து தடவை சொல்ல நேரம் இருந்தது. கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் பிக்மி எண்ணில் ஓர் இலக்கம் தவறியதற்காக எங்களை மூன்று நாள் அலையவைக்க நேரம் இருந்தது. சமுதாய வளைகாப்பில் ஒலிபெருக்கி கட்டி, வெயிலில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகளுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் பேச நேரம் இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் தேதி தாண்டினால் என்ன செய்வது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பேதி பிடித்த நிறைமாதப் பெண் ஒரு வாளித் தண்ணீருக்காக நடைபாதையில் நிற்க வேண்டிய மருத்துவமனைக் கழிப்பறையைப் பற்றியும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதினால் மடல் எங்கோ போய்விடும்.

மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரே ஒரு தாள் கொடுங்கள். பெரிய எழுத்தில், அவரவர் தேதியையும் அதிலிருந்து ஏழாவது நாளையும் கையால் எழுதிக் கொடுங்கள். வழுவழுப்பான வண்ண அட்டை வேண்டாம், கணக்குநோட்டுத் தாள் போதும். தேதி வந்ததும் கிராம சுகாதார செவிலியர் ஒரு தடவை வீட்டுக்கு வந்தோ தொலைபேசியிலோ விசாரிக்கட்டும். விளக்கெண்ணெய் குடித்தால் என்ன ஆகும் என்று நாங்கள் குடிப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். குடித்துவிட்டு வந்தால் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திட்டுவதாக இருந்தால் பிள்ளை பிறந்த பிறகு திட்டுங்கள், தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறோம்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு நான் எண்ணெய் கொடுக்கவில்லை. திண்ணையில் உட்காரவைத்து எங்களுக்கு நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்படியானால் எத்தனை நாள்தான் பார்ப்பது அக்கா?" என்றார். ஏழு நாள் என்றேன். நான் மருத்துவர் இல்லை. என் பேச்சை நம்பி ஒரு பெண் காத்திருப்பது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இன்று திங்கட்கிழமை, அந்தப் பெண்ணுக்கு ஆறாவது நாள். குழந்தை நன்றாக அசைகிறது, காலையும் மாலையும் நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். நாளை செவ்வாய், பரிசோதனை நாள். எட்டு மணி பஸ்ஸில் தாயையும் மகளையும் நானே அழைத்துக்கொண்டு வருகிறேன். இனி என்ன செய்வது என்று அந்தத் தாய் கேட்பார். தயவுசெய்து அவரை உட்காரவைத்துப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஐப்பசியில் பாட்டியான ஒருத்தி,
நெல்லிக்குப்பம் அருகில்.